33-ஆ, 45-ஆ, 78-ஆ? – ரிக்கார்டின் வேகமும் நம் ஸ்ருதியும்

(விழிஞ்ஞத்தில் நடந்த உறுப்பினர் குடும்ப சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பேசியபடியே ஏறக்குறைய கொடுத்திருக்கிறேன். கணக்குகளை மட்டும் மறுபடியும் சரி பார்த்துக்கொண்டேன்.)

மாமாக்களே, மாமிகளே, கடல் பார்க்க வந்து பிரசங்கத்தில் மாட்டிக்கொண்ட குழந்தைகளே!

சென்ற முறை கூடியபோது மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் ஒரே மாதிரியான கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் ஆத்துப் பரணில் காலஞ்சென்ற தகப்பனாரின் ரிக்கார்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எதை எந்த வேகத்தில் போடுவது என்று தெரியவில்லை. இன்னொருவருடைய பிள்ளை அமெரிக்காவில் ரிக்கார்டு வாங்க ஆரம்பித்திருக்கிறான். ஒரே சங்கீதம் 33-இல் ஒரு தட்டாகவும், 45-இல் இரண்டு தட்டாகவும் கிடைக்கிறதாம், இரண்டாவதற்கு விலை ஏறக்குறைய இரட்டிப்பாம். அது நியாயமா என்று கேட்டார். மூன்றாவது ஒரு மாமி. "சின்ன பிளேட்டு எப்பவும் பெரிசை விடக் கணீர்னு கேக்கறதே, ஏன்?" என்றார். கேள்வி மிகவும் சரியான கேள்வி. காரியதரிசி இதையே தலைப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

நான் சங்கீத வித்வான் இல்லை. யூனிவர்சிடி காலேஜில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, ஏ.ஜி. ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் போட்ட கூட்டலைக் கூட்டிப் பார்த்தவன். ஆகையால் காதால் தீர்க்கக்கூடிய விஷயத்தையும் கணக்கால் ஒரு தரம் தீர்த்துப் பார்ப்பது என் சுபாவம். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் இந்த மூன்று எண்கள் எங்கிருந்து வந்தன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 78 என்பது ஆதியில் எண்ணே இல்லை. 1902-இல் கெய்ஸ்பர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது, தட்டு எந்த வேகத்தில் சுழன்றது என்பது பதிவு செய்கிறவர் திருப்பிவைத்த வேகம்தான். அந்தக் காலத்துத் தட்டுகள் எழுபதிலிருந்து எண்பதுக்கு மேல் வரை பல வேகங்களில் இருக்கின்றன. இங்கிலாந்துக் கொலம்பியா தட்டுகளில் 'வேகம் 80' என்றே அச்சிட்டிருக்கும். மின்சார மோட்டார் வந்த பிறகுதான் 78 நிலைத்தது. அமெரிக்காவில் மின்சாரம் 60 சைக்கிள். நிமிஷத்துக்கு 3600 சுற்று சுற்றும் மோட்டாரை 46-ஆல் குறைத்தால் 78.26 வருகிறது. நம் நாட்டில் 50 சைக்கிள். இங்கே கணக்கு 77.92-இல் நிற்கும். வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் குறைவு, காதுக்குத் தெரியாது.

33⅓ சினிமாவிலிருந்து வந்தது. 1926-இல் வைட்டாஃபோன் என்ற முறையில் படத்துக்கு ஒலியைத் தனி ரிக்கார்டில் வைத்து ஓட்டினார்கள். ஒரு ரீல் படம் 11 நிமிஷம் ஓடும். அத்தனை நேரத்துக்கு ஒரு பக்கம் தாங்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும். 16 அங்குலத் தட்டில் 33⅓ சரியாக அமைந்தது. 1948 ஜூனில் கொலம்பியா கம்பெனி அதே வேகத்தை வினைல் தட்டில் மெல்லிய வரிகளோடு கொண்டுவந்தது. அதுதான் எல்.பி. மறு வருஷமே போட்டியாக ஆர்.சி.ஏ. விக்டர் 45-ஐ வெளியிட்டது. 78-இல் 33-ஐக் கழித்தால் 45, அப்படித்தான் வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கழித்தல் சரி. கதை சரியில்லை, 7 அங்குலத் தட்டில் எவ்வளவு நேரம், எவ்வளவு சுத்தமாக என்று கணக்குப் போட்டு வந்த எண்தான் அது.

இங்கே ஒரு வார்த்தை இடையில். 78 தட்டுக்கு உயிர் கொடுத்தது நம் நாட்டு அரக்கு. சோட்டா நாக்பூர்க் காட்டு மரங்களில் பூச்சி கட்டுகிற அரக்குதான் ஷெல்லாக். அதோடு கல்பொடியும் கரியும் சேர்த்து அழுத்தினால் ரிக்கார்டு. யுத்த காலத்தில் அரக்கு போதாமல் போனதும் அமெரிக்கர்கள் வினைலுக்கு மாறியதற்கு ஒரு காரணம்.

இனி கேள்விக்கு வருகிறேன். ஒலியின் தரத்தை நிர்ணயிப்பது நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பது அல்ல. முள்ளுக்குக் கீழே வரி எவ்வளவு வேகமாக ஓடுகிறது, அதாவது வினாடிக்கு எத்தனை சென்டிமீட்டர் என்பதுதான். தட்டின் வெளி ஓரத்தில் ஒரு சுற்று நீளம், உள்ளே போகப் போகக் குறைவு. சுற்றும் நேரமோ மாறாது. 12 அங்குல எல்.பி.-யில் ஆரம்ப வரியின் ஆரம் 14.6 செ.மீ. ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி. ஆக வினாடிக்கு 51 செ.மீ. முடியும் இடத்தில் ஆரம் 6 செ.மீ.; வேகம் 21 செ.மீ. மட்டும். ஒரே தட்டு, ஒரே 33, ஆனால் கடைசிப் பாட்டுக்குக் கிடைப்பது முதல் பாட்டுக்குக் கிடைத்ததில் பாதிக்கும் குறைவான இடம்.

இடம் குறைந்தால் என்ன கெட்டுப்போகிறது? வெளியே ஜன்னல் வழியாகப் பாருங்கள். 2024 ஜூலையில் முதல் பெரிய கப்பல் வந்ததிலிருந்து இந்தப் பக்கம் அந்த ராட்சதக் கிரேன்களைப் பார்த்துப் பழகிவிட்டோம். கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும்போது சின்ன அலைகளுக்கு அது அசைவதே இல்லை. பக்கத்தில் மீன்பிடிக்கிற வள்ளம் ஒவ்வொரு அலைக்கும் ஏறி இறங்குகிறது. அலையின் நீளத்தைவிடப் படகு பெரிதானால் அலை அதற்குத் தெரியாது. முள்ளும் அப்படித்தான். 10,000 சைக்கிள் ஒலி எல்.பி.-யின் வெளி ஓரத்தில் 51 மைக்ரான் நீள அலையாகப் பதிகிறது; உள்ளே 21 மைக்ரான். தலைமயிர் ஒன்று சுமார் 70 மைக்ரான் தடிமன் என்று வைத்துக்கொண்டால் அளவு புரியும். சாதாரண உருண்டை முனை முள்ளின் ஆரம் 18 மைக்ரான். வெளி ஓரத்தில் அது வள்ளம், உள்ளே கப்பல். நீள்வட்ட முனை முள் பக்கவாட்டில் 8 மைக்ரான்தான், ஆகையால் உள்ளேயும் ஓரளவு சமாளிக்கும்.

அதே 12 அங்குலத் தட்டை 45-இல் வெட்டினால் வெளியே 69, அதே உள் ஆரத்தில் 28 செ.மீ. எல்லா இடத்திலும் 35 சதவீதம் கூடுதல் இடம். ஆகவே அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குப் பதில்: மற்றதெல்லாம் சமம் என்றால் 12 அங்குல 45 சந்தேகமில்லாமல் மேல். ஆனால் 'மற்றதெல்லாம் சமம்' என்ற வாக்கியத்தை ஆபீஸில் எத்தனையோ ஃபைலில் பார்த்திருக்கிறேன். ஒரு ஃபைலிலும் அது சமமாக இருந்ததில்லை. மூலப் பதிவு, வெட்டிய கை, அழுத்திய ஆலை, கேட்கிறவர் வீட்டு முள் இந்த நான்கில் ஒன்று மட்டமானாலும் 35 சதவீதம் போன இடம் தெரியாது. டிஜிட்டல் கோப்பிலிருந்து அவசரமாக வெட்டிய 45-ஐ விட, அக்கறையாக வெட்டிய பழைய 33 எத்தனையோ தேவலை. அமெரிக்காவில் 2022-இல் 4 கோடிக்கு மேல் ரிக்கார்டு விற்றது. 1987-க்குப் பிறகு முதல் தடவையாக எண்ணிக்கையில் சி.டி.-யை முந்தியது. அவ்வளவு விற்கும் இடத்தில் எல்லாமே அக்கறையோடு செய்ததாக இருக்க முடியாது.

மாமியின் கேள்விக்கு வருகிறேன். சின்ன 7 அங்குல 45 எல்.பி.-யை விடக் கணீரென்று கேட்கிறதே? இதைத் தணிக்கை செய்தபோது எனக்கே ஆச்சரியம். 7 அங்குலத் தட்டின் வெளி ஆரம் 8.4 செ.மீ.தான். 45-இல் சுற்றினாலும் வினாடிக்கு 40 செ.மீ. எல்.பி.-யின் 51-ஐ அது எட்டவே இல்லை! உள்ளே முடியும்போது 25 செ.மீ. 22 நிமிஷம் நிறைய வெட்டிய எல்.பி. பக்கத்தில் முதல் எட்டு நிமிஷம் சின்னத் தட்டின் மிகச் சிறந்த இடத்தையும் விட வேகமாக ஓடுகிறது. கடைசி மூன்று நிமிஷத்தில்தான் சின்னத் தட்டின் மிக மோசமான இடத்துக்கும் கீழே போகிறது. பின்னே கணீர் எப்படி? ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு என்றால் வரிக்கும் வரிக்கும் நடுவே தாராளமாக இடம் விடலாம். ஆழமாக, உரக்க வெட்டலாம். உரக்க வெட்டினால் கரகரப்பு அமுங்கிப் போகும். மாமி கேட்டது வேகத்தை அல்ல, உரப்பை. பக்கத்துக்கு இரண்டு பாட்டு நெருக்கி வைத்த சினிமா ஈ.பி.-களில் அந்தக் கணீர் இல்லை என்பதையும் மாமி ஒரு தரம் போட்டுப் பார்த்தால் தெரிந்துகொள்வார்.

நம் சங்கீதத்துக்கு எது பொருந்தும்? என் அபிப்பிராயம் 33-தான். 10 அங்குல 78 ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிஷம். அரியக்குடியும் ஜி.என்.பி.-யும் மூன்றரை நிமிஷத்துக்குள் ஒரு கீர்த்தனையை அடக்கிய சாமர்த்தியம் பெரிதுதான், ஜி.என்.பி.-யின் வாஸுதேவயனி தட்டை வைத்தே பாட்டுக் கற்றவர்கள் உண்டு. ஆனால் ஆலாபனை அந்தச் சிமிழுக்குள் அடங்காது. எல்.பி. வந்த பிறகுதான் வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவனுக்கு ராகத்தை நின்று கேட்கும் பாக்கியம் கிடைத்தது. 1963-இல் எம்.எஸ். அம்மாவின் ஸ்ரீ வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி.-யாக வந்ததே, அது சுமார் 20 நிமிஷம். எல்.பி.-யின் ஒரு பக்கம்! 45-இல் 12 அங்குலம் பன்னிரண்டு, பதினைந்து நிமிஷத்துக்கு மேல் தாங்காது. நடுவில் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். விடியற்காலையில் யார் எழுந்திருந்து திருப்புவது?

ஒரு குறை உண்டு. ஸம்ஸ்கிருத சாஹித்யத்தில் ஸ, ஷ, ச என்ற சீறல் எழுத்துகள் அதிகம். அவற்றின் பலமெல்லாம் 4,000-லிருந்து 8,000 சைக்கிள் வரையில். எல்.பி.-யின் கடைசி வரிகளில் முதலில் கிழிவது இந்த 'ஸ'தான். கச்சேரி எல்.பி.-யில் தனி ஆவர்த்தனமும் துக்கடாவும் உள் ஓரத்துக்கே போய்ச் சேரும். மிருதங்கத்தின் சாப்பு, கஞ்சிராவின் சலங்கை எல்லாம் மங்கும். தேய்ந்த முள்ளோடு பல வருஷம் ஓடிய தட்டு என்றால் அந்தச் சேதம் நிரந்தரம். ஆகவே பழைய எல்.பி. வாங்குகிறவர்கள் முதல் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். கடைசிப் பாட்டை வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அதிலிருந்தே விஷயம் தெரிந்துவிடும்.

இங்கே சங்கீதம் தெரிந்தவர்களுக்கு ஒரு வேடிக்கையான கணக்கு. குழந்தைகள் எல்.பி.-யை 45-இல் போட்டு விளையாடுவது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். ஸ்ருதி எங்கே போகிறது? 45-ஐ 33⅓-ஆல் வகுத்தால் 27/20. சுத்த மத்யமம் 4/3. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மிகச் சரியாக 81/80, அதாவது நம் சாஸ்திரம் சொல்லும் பிரமாண ஸ்ருதி. 22 ஸ்ருதிப் பட்டியலில் 27/20 தீவ்ர சுத்த மத்யமம் என்றே இருக்கிறது. ஆகக் குழந்தை பொத்தானைத் திருப்பினால் பாடகரின் ஷட்ஜம் தீவ்ர சுத்த மத்யமத்தில் போய் உட்காருகிறது. ஒரு கட்டையில் பாடுகிற வித்வான் நாலு கட்டையையும் சற்றுத் தாண்டிவிடுவார். கொலம்பியாக்காரரும் ஆர்.சி.ஏ.-க்காரரும் நம் கிரந்தங்களைப் பார்த்து வைத்ததல்ல, தற்செயல். ஆனால் கணக்கு இவ்வளவு சுத்தமாக வரும்போது எனக்கு ஒரு நிமிஷம் பேனாவைக் கீழே வைக்கத் தோன்றியது.

வேகம் தேர்ந்தெடுப்பது ஒன்று. தேர்ந்தெடுத்த வேகம் உண்மையிலேயே கிடைக்கிறதா என்பது வேறு. வேகம் 6 சதவீதம் மாறினால் ஸ்ருதி அரைக் கட்டை மாறும். இதை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய வீட்டு பிளேயர் மோட்டார்களில் பல மின்சாரத்தின் சைக்கிளைப் பின்பற்றிச் சுற்றுபவை. தெற்கு மின்தொகுப்பில் 1990-களில் சாயங்கால வேளையில் 50 சைக்கிள் இருக்க வேண்டிய இடத்தில் 48.5-க்கும் கீழே போனது சர்வ சாதாரணம். 48.5 என்றால் 3 சதவீதம் குறைவு. எல்.பி. 32.3-இல் சுற்றும், ஸ்ருதி கால் கட்டை இறங்கும், 20 நிமிஷப் பக்கம் 37 வினாடி அதிகம் எடுக்கும். அந்த வருஷங்களில் மத்தியானம் ஒரு ஸ்ருதி, ராத்திரி ஒரு ஸ்ருதியாக ரிக்கார்டு கேட்டவர்கள் இந்த சபையிலேயே இருக்கிறீர்கள். ஸ்ருதிப்பெட்டியைக் கூட வைத்துப் பாடிப் பழகியவர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். மற்றவர்கள் வித்வானுக்குத் தொண்டை சரியில்லை என்றார்கள்.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. வேகம் பார்க்க ஸ்ட்ரோப் அட்டை என்று கோடு போட்ட வட்டம் உண்டு. 50 சைக்கிள் விளக்கு வினாடிக்கு 100 தரம் மினுங்கும். 33⅓-க்கு 180 கோடு, 78-க்கு 77 கோடு. விளக்கின் கீழே கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. (45-க்கு 133⅓ கோடு வேண்டும், மூன்றில் ஒரு பங்குக் கோட்டை யார் வரைவது? 133 போட்டுச் சமாளித்தார்கள்.) ஆனால் மின்சாரமே 48.5 ஆனால் மோட்டாரும் மெதுவாகிறது, விளக்கும் அதே அளவு மெதுவாக மினுங்குகிறது. கோடுகள் சாதுவாக நிற்கும்! தணிக்கை செய்ய வந்தவரும் கணக்கு எழுதினவரும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்ட மாதிரி. 2003 ஜனவரியில் தெற்கில் புதிய மின்கட்டண முறை வந்ததும் நிலைமை வெகுவாகச் சீர்பட்டது. 2013 டிசம்பர் 31 அன்று தெற்குத் தொகுப்பு மற்ற நாட்டோடு இணைந்தது. இப்போது சைக்கிளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. எல்.இ.டி. பல்பின் கீழே ஸ்ட்ரோப் அட்டை சரியாக வேலை செய்யாது என்பது புதுக் கஷ்டம். அதற்கும் வழி இருக்கிறது. கைபேசியில் சுழற்சியை அளக்கும் இலவச செயலிகள் உள்ளன. தட்டின் நடுவில் கைபேசியை வைத்தால் எண்ணைக் காட்டிவிடும். யாரும் அப்போது போன் பண்ணாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது 78. கேட்க ரசமானது மட்டும் அல்ல, பொறுப்பும் உள்ள விஷயம். பெங்களூரில் என் தம்பியின் பேத்தி, பதினொரு வயது, நன்றாகப் பாடுகிறாள். தம்பிக்கு எங்கிருந்தோ ஒரு பழைய பெண் வித்வாம்சினியின் பாட்டு கைபேசியில் வந்து சேர்ந்தது. 1910-களில் மைக் இல்லாமல் குழாய்க்குள் பாடிப் பதிவானது. அதைக் கேட்டுக் கேட்டு அதே மாதிரி பாட வேண்டும், அதே ஸ்ருதியில் பாட வேண்டும் என்று குழந்தைக்கு உத்தரவு. அந்தப் பதிவின் ஸ்ருதி ஆறு கட்டைக்கும் ஆறரைக்கும் நடுவே. நான்கு மாதத்தில் குழந்தைக்குக் குரல் கட்டிக்கொள்ள ஆரம்பித்தது. பாட்டு டீச்சர் அஞ்சு கட்டைக்கு மேல் வேண்டாம் என்கிறார். தம்பியோ, அந்தக் காலத்து ஸ்ருதி அதுதான், சம்பிரதாயத்தைக் குறைக்கக் கூடாது என்கிறான். பஞ்சாயத்து என்னிடம் வந்தது.

கேட்டவுடன் எனக்குப் பட்டது ஒன்றுதான். பின்னணியில் ஹார்மோனியம் வாசிக்கிறார்கள். ஹார்மோனியத்தில் ஆறு கட்டை உண்டு, ஆறரை உண்டு. நடுவில் கட்டை கிடையாது. அந்தக் காலத்து ஹார்மோனியங்கள் இன்றைய அளவுக்கு முன்பின்னாக இருந்திருக்கலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. யாரோ அந்தத் தட்டை நல்லெண்ணத்தோடு 78-இல் சுழல விட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். அது 78-இல் வெட்டினதா என்று கேட்கவில்லை. ஆறு கட்டைக்கு இறக்க வேண்டுமென்றால் வேகம் 75.8. அதற்கும் ஓர் அரைக் கட்டை கீழே, ஐந்தரைக்கு இறக்கினால் 71.5. இரண்டுமே அந்தக் காலத்தில் நடந்த வேகங்கள்தான்.

ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகத்தை இப்படி மாற்றலாம். ஸ்ருதியும் காலப்பிரமாணமும் சேர்ந்தே மாறும், தட்டில் நடப்பது போலவே. இரண்டு விதமாகவும் செய்து கேட்டேன். எது சரி என்று தீர்மானிக்க என்னிடம் இருந்தது மூன்று அடையாளம். ஒன்று, 'ஆ', 'ஈ' என்ற உயிரெழுத்துகள். வேகம் கூடினால் தொண்டையே சிறிதான மாதிரி, பெரிய மனுஷி குழந்தையாகப் பேசுகிற மாதிரி ஆகும். குறைந்தால் குரல் கொழகொழத்துவிடும். இரண்டு, கம்பிதம். மனிதக் குரல் ஸ்வரத்தை அசைப்பதற்கு ஒரு இயல்பான வேகம் உண்டு. மூன்று, பாட்டு முடிந்ததும் வார்த்தை பேசினால் அது. இந்தத் தட்டில் கடைசியில் ஓரிரு வார்த்தை பேச்சு இருந்தது. 71.5-இல் பேச்சு அசதியாகக் கேட்டது, 75.8-இல் மனுஷி பேசுகிற மாதிரி இருந்தது.

இங்கே விழிஞ்ஞத்தில் என்னோடு இருக்கும் அத்தைக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. சிறு வயதில் அவர்கள் ஆத்தில் இதே பிளேட்டு இருந்ததாம். இரண்டையும் போட்டுக் காட்டினேன். முதலாவதற்கு, "யாரோ பத்து நாள் ஜுரத்துல கெடந்து எழுந்து பாடறாப்பல இருக்கு" என்றார். இரண்டாவது பாதியில், "இதுதாண்டா. அப்பா ஆர்மோனியத்த வெச்சுண்டு கூடவே வாசிப்பார்" என்றார். சாட்சி அழகாக இருக்கிறது. ஆனால் இதை நான் பதிவேட்டில் ஏற்றவில்லை. சாவி கொடுக்கும் கிராமபோனில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன நெம்பு உண்டு. கொள்ளுத்தாத்தாக்கள் அதைத் தள்ளித் தள்ளித் தங்கள் ஹார்மோனியத்தோடு சேர்த்துக்கொண்டார்கள். அத்தையின் காதில் எண்பது வருஷமாக இருப்பது அந்த அம்மாள் பாடின ஸ்ருதியா, தாத்தா நெம்பைத் தள்ளின ஸ்ருதியா? என்னால் பிரிக்க முடியாது. உயிரெழுத்தையும் பேச்சையும் வைத்தே 75.8 என்று எழுதி அனுப்பினேன்.

கூடவே தம்பிக்கு ஒரு குறிப்பு. கர்நாடக சங்கீதத்தில் ஸ்ருதி அவரவர் தொண்டைக்கு. தட்டின் ஸ்ருதி யாருக்கும் கட்டளை இல்லை. வேகம் சரியாக வேண்டும் என்பது ஸ்ருதிக்காக மட்டும் அல்ல. 3 சதவீதம் வேகம் கூடிய பதிவில் பிருகா, கமகம், காலம் எல்லாமே 3 சதவீதம் ஓடுகின்றன. அதைக் கேட்டுக் கற்கிற குழந்தை, அந்த அம்மாள் ஒரு நாளும் பாடாத அவசரத்தைக் கற்றுக்கொள்கிறது. குழந்தை இப்போது அஞ்சு கட்டையில் பாடுகிறாள், குரல் தேறியிருக்கிறது. தம்பி இன்னும் முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. "அந்தக் காலத்துல அவாளுக்கெல்லாம் அப்படித்தான் குரல்" என்கிறான். இருக்கட்டும்.

இதிலிருந்து பரணில் பெட்டி வைத்திருக்கிற அன்பருக்கு என் பதில் கிடைக்கிறது. 1930-க்குப் பிந்தைய, மைக் வைத்துப் பதிவான தட்டுகளை 78-இல் போடலாம், பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்கு முந்தையவற்றை 78 என்று நம்ப வேண்டாம். உங்கள் பிளேயரில் 78 இல்லாவிட்டால், 45-இல் ஓட்டிப் பதிவு செய்து மென்பொருளில் 1.733 மடங்கு வேகப்படுத்தலாம்; ஆனால் ஆம்ப்ளிஃபயரின் கனம்-கீச்சு சமன் அப்போது இடம் மாறிப் போகும், அதையும் திருத்த வேண்டும். முள் மிக முக்கியம். 78-இன் வரி அகலம். அதற்கு 75 மைக்ரான் முள். எல்.பி. முள்ளை அதில் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் தூசியைத்தான் பாடும். பழைய எஃகு ஊசியை எல்.பி.-யில் வைப்பதோ, அந்த ஒரு தடவையோடு எல்.பி. முடிந்தது. டிஜிட்டலுக்கு மாற்றும்போது தட்டு எண்ணையும், எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்பதையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். நாளைக்கு ஒருவர் திருத்துவதானால் எங்கிருந்து திருத்துவது என்று தெரிய வேண்டும்.

கடலோரத்தில் இருக்கிறவர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. உப்புக் காற்றில் பிளேயரின் ரப்பர் பெல்ட் இளகும், உலோகம் பூக்கும், அட்டை உறையில் பூஞ்சணம் பிடிக்கும். பெல்ட் தொய்ந்தால் வேகம் குறைவதோடு நிற்காது, அலைபாயும். வீணையின் நீண்ட ஸ்வரம் நடுங்கினால் காரணம் அதுதான். உறையைத் தூக்கிப் போட மனசு வராது, ஆனால் உள்தாளையாவது மாற்றிவிடுங்கள். வினைலை டிஸ்டில்டு வாட்டரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டுத் துடைக்கலாம். 78-ஐ ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், பாட்டும் கூடவே போய்விடும். எல்லாத் தட்டையும் நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள். அடுக்கினால் அடித்தட்டு வளையும், 78 உடையும்.

காரியதரிசி கடிகாரத்தைப் பார்க்கிறார். சொன்னதைக் காதால் சோதித்துக்கொள்ள பக்கத்து அறையில் பிளேயரை வைத்திருக்கிறேன். காப்பி ஆனதும் முதலில் எல்.பி.-யின் முதல் பாட்டும் கடைசிப் பாட்டும், பிறகு மாமியின் சின்ன பிளேட்டு, பிறகு யாராவது 78 கொண்டுவந்திருந்தால் அது. 78 போடும்போது ஃபேனை நிறுத்திவிடுவோம், தயவு செய்து யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.